கணக்கு முடக்கப்பட்டால் அரசமைப்பைத் தேடாதீர்கள், ஒப்பந்தத்தைத் தேடுங்கள்

சமூக ஊடகக் கணக்கை இழந்தவர்கள் என்னைத் தேடி வரும்போது பெரும்பாலும் ஒரே கோரிக்கையோடுதான் வருகிறார்கள்: "என் கருத்துச் சுதந்திரத்தைப் பறித்துவிட்டார்கள், வழக்குப் போட வேண்டும்." இந்த வாரமும் ஒருவர் வந்தார். நீக்கப்பட்ட பதிவின் நகல் அவரிடம் இல்லை. நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலை ஆத்திரத்தில் அழித்துவிட்டார். முறையீட்டுக்கான கெடுவும் முடிந்திருந்தது.

கருத்துச் சுதந்திரம் முதன்மையாக அரசின் கையைக் கட்டுவதற்காக எழுதப்பட்ட உரிமை. அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம், பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்கிறது; தனியார் நிறுவனத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. "கோடிக்கணக்கானோர் கூடுகிறார்கள், ஆகவே அது பொதுவெளி" என்பதை ஏதோ புதிய வாதம்போல் என்னிடம் சொல்கிறார்கள். நீதிமன்றத்தில் ஏற்கெனவே தோற்ற வாதம் அது. பிறர் பேச இடம் கொடுப்பதாலேயே ஒரு தனியார் அமைப்பு அரசாகிவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019-இல் கூறியது. எத்தனை பேர் பயன்படுத்தினாலும் யூடியூப் தனியார் மேடையே என்று அந்நாட்டில் உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த நிலையில் உள்ள ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது.

ஆகவே நான் முதலில் கேட்பது, நீக்கச் சொன்னது யார் என்பதைத்தான். அரசு அதிகாரி மிரட்டி நீக்கவைத்திருந்தால் அரசமைப்பு உங்கள் துணைக்கு வரும். தனியாரை மிரட்டி அரசு பேச்சை அடக்கக் கூடாது என்பதை 2024-இல் அதே உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. நிறுவனமே நீக்கியிருந்தால், படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று நீங்கள் தட்டிய ஒப்பந்தம்தான் பேசும். (எங்கே வழக்கிட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும், அந்த இடம் பெரும்பாலும் நிறுவனத்துக்கு வசதியானதாகவே அமையும்.) ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம்கூட, நீக்கியதற்குக் காரணம் சொல்லவும் குறைந்தது 6 மாதம் முறையீட்டை ஏற்கவும் பெரிய மேடைகளைக் கட்டாயப்படுத்துகிறதே தவிர, பதிவு நிலைத்திருக்கும் என்று உறுதி தரவில்லை.

அறிவிப்பு வந்தவுடன் திரையைப் படமெடுங்கள், மின்னஞ்சலை அழிக்காதீர்கள். முறையீட்டில் வசைபாடாமல், எந்த விதியை மீறியதாகச் சொல்கிறார்களோ அதையே குறிப்பிட்டு, அது ஏன் பொருந்தாது என்று நான்கு வரி எழுதுங்கள். வேறு பெயரில் புதுக் கணக்குத் தொடங்காதீர்கள். அதுவே தனி மீறலாகி, திரும்பக் கிடைக்கவிருந்த கணக்கையும் கெடுத்துவிடும். உங்கள் எழுத்துகளையும் தொடர்பு முகவரிகளையும் தயவுசெய்து இன்றே வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். முறையீடு நடக்கும் வாரங்களில் அவை உங்கள் கைக்கு எட்டாமல் போகலாம்.