உலர் சலவைக்குக் கொடுக்கும் முன் என்ன சிந்தியதென்று சொல்லுங்கள்

கல்யாணக் காலம் முடிந்த கையோடு ஹட்டனில் உள்ள எங்கள் சலவைக் கடைக்கு வந்து சேரும் கூறைச்சேலைகளையும் மாப்பிள்ளைக் கோட்டுகளையும் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன். அண்மையில் ஓர் அம்மா மகளின் கூறைச்சேலையை மேசையில் விரித்து, கொசுவத்துக்கு அருகே உள்ளங்கை அகலத்தில் படர்ந்திருந்த பழுப்புத் திட்டைக் காட்டினார். "குடுக்கும்போது இந்தக் கறை இல்ல தம்பி. முதல்ல குடுத்த கடையிலதான் அயன் பண்ணிக் கருக்கிட்டாங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கொடுத்தபோது அந்தக் கறை கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கடைக்காரரும் கருக்கவில்லை. வரவேற்பில் மணமகளின் மடியில் சோடா சிந்தியதும், அதைக் கைக்குட்டையால் ஒற்றிவிட்டு எல்லோரும் மறந்துபோனதும், நான் துருவித் துருவிக் கேட்ட பிறகே அவர் நினைவுக்கு வந்தன.

நிறமில்லாத இனிப்புப் பானம் காய்ந்ததும் அதன் சீனி இழைக்குள் தங்கிவிடுகிறது. நாட்பட்டால் காற்றுப் பட்டு நிகழும் ஒட்சியேற்றத்தாலும், சூடு பட்டால் உடனேயும், அது பழுப்பாகிறது. இளநீரும் பழச்சாறும் இப்படித்தான்.

'உலர் சலவைக்குக் கொடுத்தால் எந்தக் கறையும் போய்விடும்' என்ற நம்பிக்கையே இத்தனை சேதத்துக்கும் காரணம். உலர் சலவையில் தண்ணீர்தான் இல்லையே தவிர, துணி திரவத்தில் நன்றாக நனையவே செய்கிறது. 1930களிலிருந்து உலகெங்கும் பரவிய பெர்குளோரோஎதிலீன் என்ற கரைப்பானே இன்றும் பல இடங்களில் அந்தத் திரவம். எண்ணெய், நெய், மெழுகு, உதட்டுச்சாயம் போன்ற கொழுப்புச் சார்ந்த அழுக்கை அது எளிதில் கரைக்கும். பட்டும் கம்பளியும் தண்ணீரில் சுருங்குவதுபோல அதில் சுருங்குவதில்லை. ஆனால் சீனியை அது கரைக்காது. வியர்வை உப்பையும் கரைக்காது. நம் ஊரில் சட்டைக்குச் சட்டை சிந்தும் பிளேன் டீயின் கறையையும் அதனால் மட்டும் எடுக்க முடியாது. இவை தண்ணீரில் கரைபவை; ஆகவே இயந்திரத்தில் போடுவதற்கு முன், கறை எடுக்கும் மேசையில் வைத்துக் கையால்தான் நீக்க வேண்டும். தேயிலையின் துவர்ப்புப் பொருளான தனினுக்கு மென்மையான அமிலக் கலவை. இரத்தம், பால், முட்டை போன்ற புரதக் கறைகளுக்கு அதற்கு எதிர்மாறான வேறொரு கலவை, அதுவும் சூடு காட்டாமல். எந்தக் கறை என்று தெரியாமல் தொடுவதும், தெரியாமலே இயந்திரத்தில் போட்டுச் சூட்டில் உலர்த்தி அழுத்துவதும் கறையை நிரந்தரமாக்கும் வேலைகள். வெட்கப்பட வேண்டாம், குழந்தையின் சிறுநீரோ, விருந்தில் சிந்திய மதுவோ, வாந்தியோ, எதுவானாலும் சொல்லுங்கள். நாங்கள் கேட்பது வம்புக்கு அல்ல.

வீட்டில் செய்யும் வைத்தியம் இன்னும் மோசம். பட்டில் மஞ்சள் பட்டதும் சவர்க்காரம் போடுகிறார்கள். மஞ்சள் காரத்தில் சிவப்பாக மாறும் என்பதால், 'இரத்தக் கறை' என்று பதறிக்கொண்டு எங்களிடம் ஓடிவருகிறார்கள். நனைந்த பட்டு வலுவிழந்திருக்கும். அப்போது தேய்த்தால் இழையின் மேற்பரப்பு சிதைந்து வெண்மை படரும். கறையையாவது எடுத்துப் பார்க்கலாம், தேய்ந்த பட்டை எந்தத் தொழிலாளியாலும் மீட்க முடியாது. ஆகவே வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றுங்கள், அதோடு நிறுத்துங்கள். சுடுநீர் வேண்டாம், அயன் பெட்டியை அருகிலும் கொண்டுவர வேண்டாம், 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்று மடித்தும் வைக்க வேண்டாம்.

கல் ஒட்டிய சேலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லை ஒட்டிய பசையும் சிலவகைப் பிளாஸ்டிக் பொத்தான்களும் பெர்குளோரோஎதிலீனில் இளகிவிடும். அந்தத் திரவம் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு கனமானது, சுழலும்போது துணியைப் பலமாக அடிக்கும் என்பதால், சரிகை வேலைப்பாடுள்ளவற்றை நாங்கள் வலைப்பையில் இட்டே போடுகிறோம். உள்ளே தைத்திருக்கும் பராமரிப்புத் துண்டை உறுத்துகிறதென்று வெட்டிவிடாதீர்கள். அதிலுள்ள வட்டம் உலர் சலவைக்கு உரியது. வட்டத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் கூடாது என்று பொருள்.

துப்புரவாக்கிய துணியைப் பொலித்தீன் உறையோடே அலுமாரியில் தொங்கவிடுவது மலையகத்தில் பூஞ்சணத்தை அழைத்து வைப்பதாகும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவமழையும், பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஐப்பசி முதல் தை வரை வடகீழ் பருவமழையும் சுவரையே ஈரமாக்குகின்றன. உறைக்குள் அடைபட்ட ஈரம் எங்கே போகும்? வீட்டுக்குப் போனதும் உறையைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் நிழலில் தொங்கவிட்டு, பிறகு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மழை விட்ட நாளில் எடுத்து மடிப்பை மாற்றுங்கள்; ஒரே மடிப்பில் கிடக்கும் சரிகை முறிந்துவிடும். நப்தலீன் உருண்டை சரிகையில் படக் கூடாது.

திரும்பி வந்த துணியில் கரைப்பானின் நெடி அடித்தால் அது சுத்தத்தின் மணம் அல்ல, சரியாக உலரவில்லை என்பதற்கான அடையாளம். பெர்குளோரோஎதிலீன் பெரும்பாலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது; அமெரிக்கா 2024 டிசம்பரில் உலர் சலவையில் அதைப் படிப்படியாகக் கைவிட விதி செய்தது. எனவே நெடியடிக்கும் துணியை, குறிப்பாகக் குழந்தையின் உடுப்பை, தயங்காமல் கடைக்கே திருப்பிக் கொடுத்து மீண்டும் உலர்த்தித் தரச் சொல்லுங்கள். கோட்டைக் கொடுத்தால் அதன் காற்சட்டையையும், சேலையைக் கொடுத்தால் அதன் ரவிக்கையையும் சேர்த்தே கொடுங்கள். ஒன்றின் நிறம் சற்று மங்கினாலும் இணை பிரிந்துவிடும்.