சராசரி நேரத்தை நம்பி குடோன் பிடிக்காதீர்கள்

சென்னையில் குடோன் தேடுபவர்கள் முதலில் சதுர அடி வாடகையைக் கேட்கிறார்கள், அப்புறம் கடைகளுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்கிறார்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு ஏதோ ஒரு நாள் மத்தியானம் மேப்பில் பார்த்த நிமிடக் கணக்கே பதிலாகி, அதை வைத்தே ரூட்டும் போட்டு, வாடகை ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிடுகிறது. டெலிவரி ரூட் போடுவதே என் வேலை. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

ரூட்டை நாளைக்கே மாற்றலாம். குடோனை அப்படி மாற்ற முடியாது, பல வருடம் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

வண்டலூர் பக்கம் குடோன், கடைகள் வேளச்சேரியிலும் அடையாறிலும் தி.நகரிலும் என்று வைத்துக்கொள்வோம். ரூட் மூன்றாக இருந்தாலும் எல்லா வண்டியும் பெரும்பாலும் ஜிஎஸ்டி ரோட்டில், அதாவது தெற்கிலிருந்து சென்னைக்குள் வரும் நெடுஞ்சாலையில்தான் வரும். திங்கட்கிழமை காலை, ஊருக்குப் போனவர்கள் திரும்பும் நேரத்தில் பெருங்களத்தூரில் அடைத்துக்கொண்டால் மூன்றுமே சேர்ந்து நிற்கும். எந்த ரூட்டைத் திருத்தியும் பயனில்லை, ஏனென்றால் கோளாறு குடோன் இருக்கும் இடத்தில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ட்ரிப்பில் 16 ஸ்டாப், ஒவ்வொன்றுக்கும் போகும் நேரம் சுமார் 5 நிமிடம் முன்னே பின்னே ஆகலாம். இந்தத் தாமதங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால், ஓரிடத்தில் விட்டதை இன்னோரிடத்தில் பிடித்துவிடலாம், மொத்த ட்ரிப்பிலும் ஏற்ற இறக்கம் 20 நிமிட அளவில்தான் இருக்கும் (16இன் வர்க்கமூலம் 4, அதை 5ஆல் பெருக்கினால் 20). ஆனால் நவம்பர் மழையில் ஊர் முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது எல்லா ஸ்டாப்பும் சேர்ந்தே தள்ளிப்போகும், அப்போது அதே 5 நிமிடங்கள் கூடி 80 ஆகிவிடும். பகல் 12 மணிக்குச் சரக்கு இறக்குவதை நிறுத்திவிடும் சூப்பர் மார்க்கெட்டில் வண்டி 12.40க்குப் போய் நின்றால், லோடு அப்படியே ரிட்டர்ன். அதற்குப் பயந்து வண்டியை விரட்டுவது டிரைவர்தான். நாம் ஆபீஸில் உட்கார்ந்து தப்பாகப் போட்ட நேரத்துக்கு ஈரமான ரோட்டில் அவர் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது, இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

என்ன செய்யலாம்? வண்டிகளில் ஏற்கெனவே ஜிபிஎஸ் இருக்கிறது. அந்த ரெக்கார்டைக் கிழமை வாரியாக, மணி வாரியாகப் பிரித்து, 10 ட்ரிப்பில் 9 எவ்வளவு நேரத்துக்குள் முடிகிறது என்று பாருங்கள். ஸ்டாப் ஸ்டாப்பாக மோசமான நேரத்தை எடுத்துக் கூட்டினால் கணக்கு தேவையில்லாமல் ஊதிவிடும், முழு ட்ரிப்பையும் ஒன்றாகவே எடுங்கள். பார்த்துவைத்த ஒவ்வொரு குடோனுக்கும் ஒரு திங்கட்கிழமையையும் ஒரு மழை வாரத்தையும் வைத்து ரூட் போட்டுப் பாருங்கள். சராசரி 40 நிமிடமாக இருந்து சில நாள் 80 தொடுகிற இடத்தைவிட, 50 நிமிடம் ஆனாலும் 60ஐத் தாண்டாத இடமே நல்லது. வெளியே வர இரண்டு வழி இருந்தால், வாடகை கொஞ்சம் கூடினாலும் யோசிக்காதீர்கள்.

ஊருக்குள் பெரிய லாரிகளுக்குக் காலையும் மாலையும் தடை நேரம் உண்டு என்பதால், இரவிலேயே கிண்டி போன்ற இடத்தில் ஒரு சின்ன குடோனுக்குச் சரக்கை இறக்கிவிட்டு, விடிந்ததும் டாடா ஏஸில் பிரித்து அனுப்புவதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர அடிக்கு வாடகை அதிகம்தான், ஆனால் ரிட்டர்ன் செலவையும் சேர்த்துப் பார்த்தால் பல சமயம் கட்டுப்படியாகும்.

நேரக் கெடு உள்ள கடைகளை ட்ரிப்பின் முதல் பாதியிலேயே வையுங்கள். மழைக்கால அட்டவணையைத் தனியாக, அக்டோபருக்கு முன்பே, டிரைவர்களையும் உட்கார வைத்துப் போடுங்கள்.