வெயிலுக்கு நடந்து போகும் காய்ச்சல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டாம் படிவ மாணவி ஒருவர், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய தம் சிவப்புக்காது ஆமையின் படத்தை அனுப்பி, நாள்தோறும் தண்ணீர் மாற்றியும் அதன் ஓட்டில் மென்மையான, நாற்றமடிக்கும் புள்ளிகள் ஏன் தோன்றுகின்றன என்று கேட்டிருக்கிறார். படத்தில் குளியலறையை ஒட்டி, நிழலில் ஒரு நீலநிற பிளாஸ்டிக் பேசின் இருக்கிறது. ஆமை ஏறி உட்கார அதில் ஒரு செங்கல்கூட இல்லை.

தண்ணீரை மாற்றினாலும் பேசினின் சுவரில் வழுவழுவென்று ஒட்டியிருக்கும் படலம் போவதில்லை. பாக்டீரியாக்கள் குடியிருப்பது அதில்தான் என்பதால், அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்படிச் செய்தாலும், நன்னீரில் எங்கும் காணப்படும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களை அடியோடு ஒழிக்க இயலாது. எஞ்சியவற்றை ஆமையின் உடல்தான் எதிர்க்க வேண்டும், அதற்கு வெப்பம் வேண்டும்.

நமக்குக் கிருமி தொற்றினால் மூளை உடல்வெப்பத்தின் இலக்கை உயர்த்துகிறது. தசைகள் நடுங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன. பல்லியின் மூளையும் அவ்வாறே இலக்கை உயர்த்துகிறது, ஆனால் அந்தச் சூட்டை உள்ளிருந்து உண்டாக்க அதன் உடலால் முடியாது. ஆகவே அது எழுந்து வெயிலை நோக்கி நடக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மத்தியூ கிளூகர் குழுவினர் 1974இல் பாலைவன இகுவானா என்னும் பல்லிகளுக்கு ஏரோமோனாஸைச் செலுத்தியபோது, அவை சூடான இடத்தைத் தேடிச் சென்று, உடல்வெப்பத்தை வழக்கத்தைவிட ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் உயர்த்திக்கொண்டன. மறுஆண்டு, தொற்றுள்ள பல்லிகளை 34 முதல் 42 பாகை வரையிலான வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். வெப்பம் குறையக் குறைய இறப்பு கூடியது. காய்ச்சல் உடலின் தற்காப்பு என்பதற்கு இத்தனை தெளிவான சான்று ஒரு பல்லியிடமிருந்து கிடைத்தது. உடனடிப் பயன் தெரியாத இத்தகைய ஆய்வுகளுக்கு நம் நாட்டிலும் தயங்காமல் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆமைகளிலும் இவ்வியல்பு கண்டறியப்பட்டுள்ளது. நிழலில் கிடக்கும் பேசினிலோ நடந்து போக இடமே இல்லை. தங்கையே, ஒரு பக்கம் காலை வெயிலும் மறுபக்கம் நிழலும் படும்படி பேசினை நகர்த்தி, நீருக்கு மேலே உலர்ந்திருக்கும்படி ஒரு செங்கல்லை வையுங்கள். புள்ளிகளைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று பாட்டி சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் ஆமையோடு வீட்டுக்குள் வரக்கூடியது, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா. நலமான ஆமையின் குடலிலும் அது வாழ்கிறது. மருந்து கொடுத்து அதை முற்றாக நீக்க முடியாது. குழந்தைகள் சிற்றாமைகளை வாயில் வைத்து நோயுற்றதால்தான், 4 அங்குலத்துக்கும் குறைவான ஓடுள்ள ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடைசெய்தது. ஆமையைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சின்னத் தம்பியிடம் அதைக் கொடுக்காதீர்கள். பேசினைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் வெளிக்குழாயடியில் கழுவுங்கள்.