டைப்பிங் மென்பொருளுக்கு உங்கள் பிள்ளையின் விரல் தெரியாது

கணினி வகுப்பு எடுக்கிறவர்களுக்குப் பெற்றோரிடமிருந்து அடிக்கடி வருவது ஸ்கிரீன்ஷாட்தான். டைப்பிங் மென்பொருளில் பிள்ளை எடுத்த ஸ்கோர், நிமிடத்துக்கு முப்பது சொச்சம் வார்த்தை, கூடவே மூன்று நட்சத்திரம். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அதே பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று ஸ்கிரீனைப் பார்க்காமல் கையை மட்டும் ஒரு நிமிடம் கவனித்தால், இரண்டு ஆள்காட்டி விரல்கள் மட்டும் கீபோர்டு முழுக்கப் பறந்துகொண்டிருக்கும், சுண்டு விரல்கள் இரண்டும் காற்றில் நிற்கும், தலை ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே போய் மேலே வரும்.

மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது, எப்போது அழுத்தப்பட்டது, இந்த இரண்டு தகவல்தான் கீபோர்டிலிருந்து அதற்குப் போகிறது. எந்த விரல் அழுத்தியது என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. ஸ்கிரீனின் அடியில் இரண்டு கை படம் போட்டு, இந்த எழுத்துக்கு இந்த விரல் என்று நிறம் மாற்றிக் காட்டும் இல்லையா, அது வெறும் வேண்டுகோள்தான். பிள்ளை அதைக் கேட்காவிட்டாலும் நட்சத்திரம் வந்துவிடும். அதனால்தான் முதல் சில வாரங்களுக்காவது பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவருக்கு டைப்பிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கையைப் பார்த்தால் போதும்.

என்ன பார்க்க வேண்டும்? எஃப், ஜே இரண்டு விசைகளிலும் தடவினால் தெரிகிற மாதிரி ஒரு சின்ன மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்கள் அந்த மேட்டில், மற்ற விரல்கள் வரிசையாக ஏ, எஸ், டி மேலும் கே, எல், அரைப்புள்ளி மேலும். ஒரு எழுத்தை அடித்துவிட்டு விரல் அந்த இடத்துக்குத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். எக்ஸ் எழுத்துக்கு இடது மோதிர விரல் போக வேண்டும், பெரும்பாலான பிள்ளைகள் ஆள்காட்டி விரலை இழுத்துக்கொண்டு போவார்கள், அப்போது மொத்தக் கையும் இடம் மாறிவிடும். பெரிய எழுத்து வரும்போது கேப்ஸ் லாக்கைப் போட்டு, எழுத்தை அடித்து, மறுபடி கேப்ஸ் லாக்கை எடுப்பது இன்னொரு பழக்கம். ஷிஃப்டை ஒரு கை பிடிக்க, எழுத்தை மறு கை அடிக்க வேண்டும் என்பதை யாராவது வாயால் சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் புரிகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பத்து விரலும் தேவையா, நாலு விரலில் வேகமாக அடிப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முறையாகக் கற்காமல் தாங்களே பழகியவர்களில் சிலர், கற்றவர்கள் அளவுக்கே வேகமாக அடித்தார்கள். ஆனால் அந்த வேகக்காரர்கள் ஒரு எழுத்துக்கு எப்போதும் ஒரே விரலைப் பயன்படுத்துகிறவர்களாகவும் கையை அதிகம் அலைய விடாதவர்களாகவும் இருந்தார்கள். தாங்களே பழகியவர்கள் கீபோர்டைக் குனிந்து பார்ப்பதும் கூடுதலாகத்தான் இருந்தது. இதை நான் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். குனிந்தே அடிக்கும் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்போது, வாக்கியத்தின் தொடக்கத்திலேயே ஒரு எழுத்து விடுபட்டிருக்கும், அப்புறம் பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடித்து நன்றாக இருந்த வார்த்தைகளையும் சேர்த்து அழிக்கும். ஆகவே விரல் எண்ணிக்கையில் நான் பிடிவாதக்காரன் இல்லை. பத்து விரல் முறையைக் கற்றுக்கொடுப்பதே, கண் ஸ்கிரீனில் இருக்க வேண்டும், எழுத்துக்கு விரல் மாறக் கூடாது என்ற இரண்டையும் சுலபமாகக் கொண்டுவருவதற்காகத்தான்.

குனிவதை நிறுத்த, "பார்க்காதே பார்க்காதே" என்று சொல்வதால் ஒன்றும் நடக்காது. ஒரு மெல்லிய துணியைக் கைகளின் மேல் தளர்வாகப் போட்டுவிடுங்கள். முதல் நாள் வேகம் படுத்துவிடும், பிள்ளைக்குக் கோபம்கூட வரும், வரட்டும். ஸ்கிரீனில் இருக்கும் கீபோர்டு படத்தைப் பார்த்து அடிக்கலாம், அதில் தப்பில்லை.

கீபோர்டு படத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறவர்களும் உண்டு. வேண்டாம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நன்றாக டைப் செய்கிறவர்களிடம் வெற்றுக் கீபோர்டு படத்தைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னபோது, சராசரியாக 26இல் 15 எழுத்துகளைத்தான் சரியான இடத்தில் வைத்தார்கள். 2013இல் வெளியான ஆய்வு அது. எந்த எழுத்து எங்கே என்பது விரலுக்குத் தெரிந்தால் போதும், வாயால் சொல்லத் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து வேகம். நிமிடத்துக்கு இத்தனை வார்த்தை என்ற கணக்கில், பொதுவாக இடைவெளியும் சேர்த்து ஐந்து தட்டல் ஒரு வார்த்தை. பிழையை எப்படிக் கழிப்பது என்பதில்தான் மென்பொருளுக்கு மென்பொருள் வித்தியாசம். சிலவற்றில் தப்பான விசையை அழுத்தினால் நகராமல் நிற்கும், சரியான விசை வந்ததும் நகரும். இதைக் கண்டுபிடித்துவிட்ட பிள்ளைகள் சுற்றியுள்ள விசைகள் எல்லாவற்றையும் படபடவென்று தட்டி, எது சரியோ அது விழட்டும் என்று முன்னேறுவார்கள். அதனால் வேகத்தின் எண்ணை மறைக்கும் வசதி இருந்தால் மறைத்துவிடுங்கள். துல்லியம் 95 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அடுத்த பாடத்துக்கு நான் விடுவதில்லை. எழுத்துகள் மேலிருந்து விழுகிற, வெடிக்கிற விளையாட்டுகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவை எல்லா எழுத்தும் கைக்கு வந்த பிறகுதான். அதற்கு முன் கொடுத்தால், பதற்றத்தில் பிள்ளை முதலில் செய்வது குனிந்து பார்ப்பதுதான்.

எவ்வளவு நேரம் பழக வேண்டும்? பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், நான் சொல்வது அவ்வளவுதான். விடுமுறையில் உட்கார்ந்து ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று பெரியவர்களும் நினைக்கிறார்கள். பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்கு டைப்பிங் கற்றுக்கொடுத்தபோது நடத்திய ஒரு சோதனை 1978இல் வெளியானது. தினம் ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள், தினம் நாலு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். நாட்கள் கூட ஆனது என்பது உண்மை. அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, அந்த ஒரு மணி நேரக் குழுதான் தங்கள் பயிற்சி முறையில் அதிருப்தியாக இருந்ததாம், மற்றவர்களைவிடப் பின்தங்கிவிட்டோமே என்று. நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கும்போதே மெதுவாகப் போகிறோம் என்று தோன்றும், அந்த எண்ணத்தை நம்பிப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு இன்னொரு இடைஞ்சல் இருக்கிறது. இரண்டு விரலில் பல வருடம் அடித்தவர் பத்து விரலுக்கு மாறும்போது வேகம் பாதி அளவுக்கும் கீழே போய்விடும். அலுவலக வேலை காத்திருக்கும், பழைய முறைக்கே திரும்பிவிடுவார். என்னிடம் வருகிறவர்களில் அதிகம் பேர் விட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான். அவசர வேலையைப் பழைய முறையிலேயே செய்யுங்கள், அவசரமில்லாத ஒரு வேலையை, கடிதமோ குறிப்போ, புதிய முறையில் மட்டும் செய்யுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

தமிழுக்கு என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றிக்கொள்வது பலருக்குப் பழக்கம், அது வேலைக்கு ஆகும். நிறையத் தமிழ் அடிக்கப் போகிற பிள்ளைக்குத் தமிழ் 99 என்ற தமிழ் விசை அமைப்பைக் கற்றுக்கொடுங்கள் என்பேன். உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலது கையிலும் இருப்பதால் இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும், வலது ஆள்காட்டி விரலின் மேட்டில் ப, இடது ஆள்காட்டி விரலின் மேட்டில் புள்ளி. க விசையை இரண்டு தரம் தட்டினால் க்க என்று புள்ளி தானே விழும். ஆனால் ஆங்கிலம், தமிழ் இரண்டு விசை அமைப்பையும் ஒரே மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒன்று கையில் நின்ற பிறகு மற்றது. கிளவாரோ, கேடச் போன்ற இலவச மென்பொருள்களில் வேறு விசை அமைப்புகளையும் சேர்த்துக்கொள்ள முடியும், சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி, டக்ஸ் டைப்பிங் போதும். எது என்பதைவிட, மாற்றிக்கொண்டே இருக்காமல் ஒன்றில் நிற்பது முக்கியம்.

உட்காரும் விதத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரியவர் நாற்காலியில் பிள்ளைக்குக் கால் தொங்கும், மேசை நெஞ்சுக்கு வரும், மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றித்தான் அடிக்க முடியும். காலுக்கு அடியில் ஒரு பெட்டி, உட்காரும் இடத்தில் ஒரு தலையணை, முழங்கை விசைகளின் உயரத்துக்கு வந்தால் சரி. விரல் எட்டாத வயதில் அவசரப்படுத்தவும் வேண்டாம்.

மென்பொருளை எப்போது நிறுத்தலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது. கையில் துணியைப் போட்டு, பிள்ளைக்குப் பழக்கமில்லாத ஒரு பத்தியை நீங்கள் வாசியுங்கள், பிள்ளை அடிக்கட்டும். மெதுவாக இருந்தாலும் நிற்காமல் அடித்தால் பாடங்களை மூடிவிட்டு, பள்ளிக் கட்டுரையோ கதையோ, அதன் சொந்த எழுத்தை அடிக்கக் கொடுங்கள். எண் வரிசையும் குறியீடுகளும் மட்டும் பாக்கி இருக்கும், அதற்கு வாரத்தில் ஒரு நாள் மென்பொருளைத் திறந்தால் போதும்.