ஆர்க்கிட்டின் அடையாளம் தொப்பிக்குள் இருக்கிறது

மரக்கிளையில் ஒட்டி வளர்ந்த ஒரு காட்டு ஆர்க்கிட்டைப் படமெடுத்து அனுப்பி, "இது அரிய இனமா? பெயர் என்ன?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். படம் அழகு. ஆனாலும் பூவை நேர் எதிரே பார்க்கும் ஒரே படத்தை வைத்துப் பெயர் சொல்ல முடியவில்லை.

மூன்று புல்லி இதழ், மூன்று அல்லி இதழ், அல்லியில் ஒன்று உதடுபோல மாறியிருக்கும். ஏறத்தாழ 28,000 ஆர்க்கிட் இனங்களுக்கும் அடிப்படை அமைப்பு இதுதான். நிறமோ ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். பூவின் நடுவில் ஆண், பெண் உறுப்புகள் இணைந்த ஒரு சிறு தூண் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் அதன் நுனியில் ஒரு தொப்பி. ஊசியால் மெல்லத் தூக்கினால் மகரந்தம் தூளாக இருக்காது, திரண்டு உருண்டைகளாக இருக்கும். டென்ட்ரோபியம் என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பில்) 4 வெறும் உருண்டைகள். வாண்டாவில் 2, காம்பும் பசைத்தட்டும் சேர்ந்து. ஈரியாவில் 8. பேரினத்தைப் பிடிக்க இந்த எண்ணிக்கை பெரிய உதவி.

இந்த மகரந்தத் திரள்கள் செய்யும் வேலையை டார்வின் 1862இல் எழுதினார். ஆர்க்கிஸ் மாஸ்குலா என்ற ஆர்க்கிட்டின் பூவுக்குள், தேனீயின் நாக்குக்குப் பதிலாகக் கூரான பென்சிலை நுழைத்து எடுத்தால், நுனியில் திரள்கள் கொம்புபோல நிமிர்ந்து ஒட்டிக்கொண்டு வரும். அப்படியே அடுத்த பூவுக்குள் போனால், மகரந்தம் சேர வேண்டிய சூல்முடியில் படாது, அதற்கு மேலேதான் முட்டும். சரி, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். சுமார் 30 விநாடிகளில் அடித்தட்டு சுருங்க, திரள்கள் தாமாகவே 90 பாகை முன்னால் சாய்கின்றன. இப்போது நுழைத்தால் நேராகச் சூல்முடியில் போய் ஒட்டும்! அந்த இடைவெளியில் தேனீ பெரும்பாலும் வேறு செடிக்குப் போயிருக்கும். மூளையோ தசையோ இல்லாத ஒரு பொருள், காய்வதாலேயே நேரம் பார்க்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

பேரினம் தெரிந்த அப்புறம், பெயர் சூட்டியபோது பாதுகாத்து வைத்த மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும். அழுத்தி உலர்த்திய பூவில் தூணின் வடிவம் நசுங்கிவிடும். அதனால் பூவைச் சாராயக் கரைசலிலும் போட்டு வைப்பார்கள். டிஎன்ஏ சோதனை உண்டே என்பார்கள். சரியாகப் பெயரிட்ட மாதிரி இல்லாவிட்டால் அந்த வரிசையை எதோடு ஒப்பிடுவது? கருவி வாங்கப் பணம் தரும் அளவுக்கு, மாதிரிகளைப் பராமரிப்பவர்களுக்கும் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த வாசகருக்கு: பூவைப் பறிக்க வேண்டாம். பக்கவாட்டில் ஒன்று, தூணை நெருங்கி ஒன்று, இலையும் தண்டும் தெரிய ஒன்று என்று அளவுகோல் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். செடி இருக்கும் இடத்தைப் பொதுவில் எழுதாதீர்கள், பிடுங்கி விற்பவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.