தேர்வு நேரத்து வயிற்றுவலி நடிப்பு இல்லை

பிப்ரவரி பாதி தாண்டியதும் என் கிளினிக்கில் ஒரே மாதிரியான வயிற்றுவலி வரத் தொடங்கும். பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். காலையில் எழுந்ததும் தொப்புளைச் சுற்றி வலி, குமட்டல், சாப்பாடு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி இருக்காது. பலர் ஏற்கெனவே ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் வருவார்கள். "எல்லாம் நார்மல்னு வந்திருக்கு டாக்டர். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான்" என்று அப்பா சொல்வார். பையன் தலையைக் குனிந்துகொள்வான்.

அந்த வலி நிஜமானது. பயம் வரும்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, குடலின் அசைவும் மாறுகிறது. மூளையும் குடலும் நரம்புகளால் பிணைந்தவை. ஸ்கேனில் குடலின் உருவம்தான் தெரியும், அது படும் பாடு தெரியாது. நடிப்பு என்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை வலியைத் தனியாகத் தாங்க வேண்டியதாகிவிடுகிறது.

அதற்காக எல்லா வயிற்றுவலியையும் தேர்வின் தலையில் கட்டிவிடாதீர்கள். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, தொப்புளை விட்டு விலகி ஒரு பக்கமாக நிற்கிற வலி, காய்ச்சல், மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, எடை குறைவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பரிசோதனை முடிந்ததும் பெற்றோரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "எதை நினைச்சா பயமா இருக்கு?" என்று பிள்ளையிடம் கேட்பேன். கணக்கு கஷ்டம், அறிவியல் கஷ்டம் என்று சொல்பவர்கள் குறைவு. "மார்க் குறைஞ்சா அப்பா பேச மாட்டார்." "பெரியம்மா பையன் 480 எடுத்தான், அதையே சொல்லிக்கிட்டு இருக்காங்க." ஒரு மாணவி சொன்னது இன்னும் எனக்குள் இருக்கிறது: "எழுதறதுக்குப் பயமில்ல டாக்டர். எழுதிட்டு வீட்டுக்குப் போறதுக்குத்தான் பயம்."

அவள் வீட்டில் நடந்ததைக் கேட்டேன். அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும், அம்மா வினாத்தாளை வாங்கிக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். 14 ஒரு மார்க் கேள்விகளில் எத்தனை சரி, எட்டு மார்க்கு கிராஃப் முழுசாகப் போட்டாயா என்று ஒவ்வொன்றாகக் கூட்டியிருக்கிறார். பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு ஒரு மார்க் தப்பு என்று தெரிந்ததும் வீடே அமைதியாகிவிட்டது. மறுநாள் அறிவியல் தேர்வு. அன்று இரவு அவள் படிக்கவும் இல்லை, தூங்கவும் இல்லை.

அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மகள் நன்றாக வர வேண்டுமே என்ற தவிப்புதான் அவரை அப்படிச் செய்ய வைத்தது. ஆனால் எழுதி முடித்த தாளில் இனி ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது, நாளைய தாளைக் கெடுக்கத்தான் முடியும். அதனால் என்னிடம் வரும் எல்லாப் பெற்றோரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பிள்ளை தேர்வு எழுதிவிட்டு வந்ததும் "எப்படி எழுதின?" என்று ஆரம்பிக்காதீர்கள். "வெயில் ஜாஸ்தியா இருந்துதா? வா, சாப்பிடு" போதும். பிள்ளையாகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். அப்புறம் வினாத்தாளை எடுத்து வைத்துவிடுங்கள். எல்லாத் தேர்வும் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது தூக்கம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. பகலில் படித்தது மனதில் பதிவதும் அந்த நேரத்தில்தான். இரவு இரண்டு மணி வரை காபி போட்டுக் கொடுத்து உட்கார வைக்கும்போது, படித்ததைத் தக்கவைக்கும் வேலையை நாமே தடுக்கிறோம். எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம்.

படிப்பில் உதவ உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "படிச்சதை எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும்போது பாடம் நிற்பதுபோல, பத்து முறை வாசித்தாலும் நிற்காது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு பாட்டி தினமும் சமையலறையில் பேரனை இப்படிச் சொல்ல வைத்ததை நான் அறிவேன்.

தண்ணீரையும் கவனியுங்கள். பாதியில் கழிவறைக்குப் போக வேண்டிவருமே என்று, குறிப்பாகப் பெண் பிள்ளைகள், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் போகிறார்கள். மார்ச் வெயிலில் மூன்று மணி நேரத் தேர்வு. தலைவலியும் கிறுகிறுப்பும் அதனால் வரலாம். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, ஹாலுக்குள் நுழையும் முன் கழிவறைக்குப் போய் வரச் சொல்லுங்கள்.

மாநிலத்தில் முதலிடம் யார் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. வீட்டிலும் உறவினர் பிள்ளைகளோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். மார்க் கேட்டு வரும் போன்களை நீங்களே எடுங்கள், பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம்.

"நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்பதுபோல ஒரு வார்த்தை பிள்ளையின் வாயிலிருந்து வந்தால், சும்மா சொல்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான 14416-லும் (டெலி மானஸ்), தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் தமிழிலேயே பேசலாம்.

முடிவு வரும் நாளன்று அம்மா, அப்பா இருவரில் ஒருவராவது லீவு போட்டுவிட்டு வீட்டில் இருங்கள். ஒரு பாடத்தில் 35 வரவில்லை என்றால் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு இருக்கிறது, அதில் தேறி அதே ஆண்டு மேலே படிக்கப் போகலாம். இதை முடிவு வந்த பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளாமல், முந்தின நாள் இரவே, சாப்பிடும்போது சொல்லிவிடுங்கள்.