நாய் இனத் தடை: சுற்றறிக்கை எது, சட்டம் எது?

2024 மார்ச் 12 அன்று மத்திய அரசின் கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை எல்லா மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மனித உயிருக்கு ஆபத்தானவை என்று 23 நாய் இனங்களை அது பட்டியலிட்டது. அவற்றை விற்கவும், இனப்பெருக்கம் செய்யவும், வீட்டில் வளர்க்கவும் உள்ளாட்சி அமைப்புகள் உரிமமோ அனுமதியோ தரக்கூடாது என்றும், ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் நாய்களுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. நாடெங்கும் உள்ள கென்னல் கிளப்புகள் (நாய்களைப் பதிவு செய்து வம்சச் சான்று தரும் சங்கங்கள்), நாய் இனப்பெருக்கம் செய்வோர், பயிற்சியாளர்கள், ஒற்றை ராட்வைலரை வைத்திருக்கும் குடும்பங்கள் எனப் பலரும் அடுத்த சில வாரங்களில் உயர் நீதிமன்றங்களை நாடினார்கள். அதன் பிறகு நடந்தவற்றைப் பற்றி இன்றும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. “தடை இருக்கிறதா, இல்லையா” என்று கேட்பவர்களில் பாதிப் பேர் சுற்றறிக்கையைச் சட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் சுற்றறிக்கை ரத்தானதால் எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தவறு.

முதலில் அந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ, கேன் கோர்சோ, காக்கேசியன் ஷெப்பர்ட் போன்ற பெரிய காவல் நாய்கள் அதில் இருந்தன. ஒரு வரியில் ‘டோசா இனு’ என்றும், சில வரிகள் தள்ளி ‘ஜப்பானிய டோசா’ என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நாய். ‘மாஸ்டிஃப்கள்’, ‘டெரியர்கள்’ என்று பொதுப்பெயர்களும் இருந்தன. டெரியர் என்பது ஓர் இனத்தின் பெயரல்ல; பல பத்து இனங்களைக் கொண்ட ஒரு பெரும் பிரிவின் பெயர். மூன்று கிலோ எடையுள்ள, மடியில் தூங்கும் யார்க்‌ஷயர் டெரியரும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். நாய்களைத் தெரிந்த ஒருவர் அந்தத் தாளைப் படித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் இவற்றைச் சுட்டிக்காட்டியிருப்பார். படிக்கக் கொடுக்கவில்லை என்பதுதான் வழக்குத் தொடுத்தவர்களின் அடிப்படைக் குறையாக இருந்தது.

சுற்றறிக்கை காரணமின்றி வந்ததல்ல. 2022 ஜூலையில் லக்னோவில் வீட்டில் வளர்த்த பிட்புல் கடித்து 82 வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். அதே ஆண்டில் காசியாபாத் மாநகராட்சி பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ ஆகிய மூன்று இனங்களைத் தடை செய்தது. கான்பூர் மாநகராட்சியும் பிட்புல்லையும் ராட்வைலரையும் தடை செய்தது. ஆபத்தான இனங்களுக்குத் தடை கோரி டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. மனுதாரரின் கோரிக்கையை மத்திய அரசு மூன்று மாதங்களுக்குள் பரிசீலித்து முடிவெடுக்கும்படி கூறி 2023 டிசம்பரில் நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. அந்தக் கெடுவுக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் மார்ச் மாதத் தாள் பிறந்தது.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நாய்கள் தொடர்பான மத்திய விதிகள் பெரும்பாலும் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவிலிருந்து வருகின்றன. அந்தப் பிரிவு மத்திய அரசுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தைக் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையையும் வைக்கிறது: விதிகளை முன்கூட்டியே வெளியிட்ட பிறகுதான் இறுதி செய்ய வேண்டும். அதாவது, வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபணைகளுக்கும் ஆலோசனைகளுக்கும் கால அவகாசம் கொடுத்து, வந்தவற்றைப் பரிசீலித்த பிறகே இறுதி அறிவிக்கை வர முடியும். கென்னல் கிளப்புக்கும், ஒரே ஒரு பெட்டை நாய் வைத்திருப்பவருக்கும், நாய்க்கடிபட்ட குழந்தையின் பெற்றோருக்கும் சமமாகக் கிடைக்கும் உரிமை இது. சுற்றறிக்கை இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டது. பாதிக்கப்படுவோரைக் கேட்காமலும் உரிய நிபுணர்களின் கருத்தைப் பெறாமலும், விதிகளில் இல்லாத ஒரு தடையைக் கடிதத்தின் மூலம் கொண்டுவர முடியாது என்று கூறி, 2024 ஏப்ரல் 10 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உரியவர்களைக் கலந்தாலோசித்து முறைப்படி மீண்டும் முடிவெடுக்க மத்திய அரசுக்கு வழி திறந்தே விடப்பட்டது. இந்தக் கடைசி வரியைப் பலர் படிப்பதில்லை. நீதிமன்றம் ‘எந்த இனத்தையும் ஒருபோதும் தடை செய்ய முடியாது’ என்று சொல்லவில்லை. ‘இப்படிச் செய்ய முடியாது’ என்றுதான் சொன்னது.

இந்த வேறுபாட்டின் கனம் தெரிய வேண்டுமானால் ஒரு பழைய வழக்கைப் பார்க்கலாம். நாயின் வாலை வெட்டுவதும் காதை நறுக்குவதும் டாபர்மேன், பாக்சர் போன்ற இனங்களில் நெடுங்கால வழக்கம். அது உறுப்புச் சிதைப்புக்குச் சமம் என்று 2011இல் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் ஒரு கடிதம் வெளியிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2013இல் அந்தக் கடிதத்தை ரத்து செய்ய வைத்தது. கதை அங்கே நின்றுவிடவில்லை, வெற்றி நிலைக்கவும் இல்லை. 2017இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளில், முறைப்படி வரைவு வெளியிட்டு, அதே தடை விதியாகவே இடம்பெற்றது. கடிதத்தை வெல்வது வேறு, காரணத்தை வெல்வது வேறு. என்னைக் கேட்டால், வால் வெட்டும் விஷயத்தில் கிளப்புகள் தோற்றது நாய்களுக்கு நல்லது. பிறந்து சில நாளே ஆன குட்டியின் வாலைத் தோற்றத்துக்காக நறுக்குவதை எந்தப் பாரம்பரியமும் நியாயப்படுத்தாது.

இப்போது நடைமுறையில் இருக்கும் அந்த விதிகளுக்கு வருவோம். 2017 மே மாதம் அரசிதழில் வெளியான மிருகவதைத் தடுப்பு (நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை) விதிகள் எந்த இனத்தையும் தடை செய்யவில்லை. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் எவராயினும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. கட்டணம் 5,000 ரூபாய். சான்று இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஒவ்வொரு நாய்க்கும் மைக்ரோசிப் பொருத்திப் பதிவேடு வைக்க வேண்டும்.

பெட்டை நாய்க்கான வரம்புகள் கவனமாகப் படிக்க வேண்டியவை. 18 மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. எட்டு வயதைத் தாண்டியதையும் கூடாது. ஓர் ஆண்டில் ஒரு முறைக்கு மேல் குட்டி ஈனச் செய்யக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுகள்தான். அடுத்தடுத்த இரண்டு ஹீட்டுகளில், அதாவது இணை சேரும் பருவங்களில், இணை சேர்க்கக் கூடாது. இவற்றை எழுதியவர்கள் நாய் உடலை அறிந்தவர்கள். பெட்டை நாய் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டுக்குள் முதல் ஹீட்டுக்கு வந்துவிடும். எலும்பு முழுதாக வளராத, தானே இன்னும் குட்டியாக இருக்கும் அந்த நிலையில் கிராஸிங் (இணை சேர்ப்பு) செய்து, 63 நாள் சினைக்குப் பிறகு ஏழெட்டுக் குட்டிகளுக்குப் பால் கொடுக்க வைப்பது எவ்வளவு பெரிய சுமை என்பது, முடி உதிர்ந்து, விலா தெரிய, மடி மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு தாய் நாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 18 மாதம் என்ற எல்லை முதல் ஹீட்டையும், பல நாய்களுக்கு இரண்டாவதையும், தாண்டச் செய்கிறது.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது அடுத்த விதி. அதிகம் மீறப்படும் விதியும் அதுதான் என்பது என் கணிப்பு. முப்பது, முப்பத்தைந்து நாளில் அட்டைப்பெட்டியில் வைத்துக் கைமாறும் குட்டிகளை நம் ஊர்ச் சந்தைகளில் பார்க்காதவர் குறைவு. பொது இடத்தில் அப்படிக் காட்டி விற்பதும் விதிப்படி தவறு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டும், பார்வோ என்னும் வைரஸ் நோய்க்கான தடுப்பூசி இன்னும் போடாமலும் இருக்கிற வாரங்கள் அவை. புது வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் குட்டி வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகச் சுருண்டு கிடக்க, குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து அழுவது எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது! ஆறு மாதத்தைத் தாண்டிய நாயை, பதிவு பெற்ற இன்னொரு இனப்பெருக்கம் செய்பவருக்குத் தவிர, கருத்தடை செய்யாமல் விற்கவும் கூடாது.

இந்த விதிகளுக்கு எதிராகவும் கென்னல் கிளப்புகளும் இனப்பெருக்கம் செய்வோரும் குரல் கொடுத்தார்கள். அவர்கள் வாதங்களில் எனக்கு நியாயமாகப் படுவது ஒன்று உண்டு. விதியில் ‘இனப்பெருக்கம் செய்பவர்’ என்பதன் வரையறை அகலமானது. நாற்பது பெட்டைகளைக் கூண்டில் அடைத்து வியாபாரம் செய்பவரும், வீட்டில் வளர்க்கும் ஒரு சிப்பிப்பாறைப் பெட்டையின் குட்டிகளை ஊரார்க்குக் கொடுத்துச் சிறு தொகை வாங்குபவரும் ஒரே படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. ராஜபாளையம், கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை ஆகிய நம் நாட்டினங்கள் பெரிய கென்னல்களால் பிழைத்தவையல்ல. தென் மாவட்டங்களின் கரிசல்காட்டு வீடுகளில், பேப்பர் எதுவும் இல்லாமல், வாய்வழி வம்சக் கணக்கோடு காக்கப்பட்டவை. அவர்களை மிரட்டி ஒதுக்கினால் நாட்டினம்தான் அழியும். ஆனால் பதிவே வேண்டாம், ஆய்வே வேண்டாம், கிளப்பின் சான்றே போதும் என்ற வாதத்தை ஏற்க இயலாது. கிளப் தரும் வம்சச் சான்று நாயின் தாய் தந்தை யார் என்று சொல்லும். தாய் எந்தக் கூண்டில் கிடந்தது என்று சொல்லாது.

தமிழ்நாட்டின் கதை இதனோடு பின்னியே நடந்தது. 2024 மே மாதத் தொடக்கத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. அந்தச் செய்தியின் கொதிப்பில், நீதிமன்றம் ரத்து செய்திருந்த அதே 23 இனப் பட்டியலை மாநிலக் கால்நடைத் துறை தடையாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் ஓரிரு நாளில் திரும்பப் பெற்றது. பின்னர் தமிழ்நாடு நாய் இனப்பெருக்கக் கொள்கை 2024 வெளியானது. அதன் நோக்கு வேறு: கடிக்கும் நாய் எது என்பதல்ல, இந்த வெயிலைத் தாங்காத நாய் எது என்பது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், அலாஸ்கன் மலமூட், பக், பிரெஞ்சு புல்டாக், பாசெட் ஹவுண்ட் உள்ளிட்ட 11 இனங்களின் இனப்பெருக்கத்தை அது தடுத்தது. நாட்டினங்களை ஊக்குவிப்பதாகவும் சொன்னது. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இதையும் எதிர்த்து வழக்குத் தொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் கொள்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. இடைக்காலத் தடை என்பது தீர்ப்பல்ல, வழக்கு முடியும்வரை நிறுத்திவைப்பது மட்டுமே. ஹஸ்கி குட்டி விற்பவர் “கோர்ட்டே அனுமதித்துவிட்டது” என்று சொன்னால் நம்ப வேண்டாம். மூக்கு நசுங்கிய பக் ஒன்று ஏப்ரல் மதியத்தில் மூச்சுக்குத் திணறுவதைக் கேட்ட பிறகு, கொள்கையின் வழிமுறையில் குறை காணும் எவரும் அதன் காரணத்தில் குறை காண்பது கடினம்.

உள்ளாட்சி உரிமம் தனிச் சங்கதி. சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றோடு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். 2025இல் மைக்ரோசிப்பும் இதனோடு கட்டாயமாக்கப்பட்டது. அரிசி மணி அளவுள்ள அந்தச் சிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஊசியால் செலுத்துவார்கள். வருடியை (ஸ்கேனரை) மேலே கொண்டுபோனால் 15 இலக்க எண் திரையில் வரும். காணாமல்போன நாயை வீடு சேர்ப்பதும், கடித்த நாயின் உரிமையாளரைக் கண்டுபிடிப்பதும் அந்த எண்தான். அந்த ஆண்டின் இறுதியில் பிட்புல், ராட்வைலர் இனங்களுக்குப் புதிய உரிமம் தருவதில்லை என்றும் மாநகராட்சி முடிவெடுத்தது. எனவே வேறு ஊரில் இல்லாத கட்டுப்பாடு உங்கள் ஊரில் இருக்கலாம். நாய் வாங்கும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. இனம் எதுவாயினும், கவனக்குறைவால் தன் விலங்கு பிறருக்கு ஆபத்து விளைவிக்க விடுபவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அதே நேரம், மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின் கீழ் வகுத்த விதிகளை மீறினால் என்ன தண்டனை என்று பாருங்கள்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 100 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1960இல் எழுதிய நூறு ரூபாய் அது. ஒரு குட்டியைப் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் வியாபாரத்துக்கு இது ஒரு செலவாகக்கூடத் தெரியாது. கிளப்புகளும் விலங்கு நல அமைப்புகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்கக்கூடிய திருத்தம் ஒன்று உண்டென்றால் அது இந்தத் தொகையை உயர்த்துவதாகத்தான் இருக்க முடியும். முறையாகப் பதிவு செய்து நடத்துபவருக்கு அதனால் ஒரு ரூபாயும் நட்டமில்லை.

அடுத்த முறை ஒரு வரைவு விதி வெளியாகும்போது ஆட்சேபணை எழுத விரும்புவோர், ‘எதிர்க்கிறோம்’ என்று ஆயிரம் பேர் கையெழுத்திட்ட ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட, எந்த விதி, எந்த உட்பிரிவு, அதில் எந்தச் சொல், அதற்குப் பதில் எந்தச் சொல் வேண்டும் என்று குறிப்பிட்டு, தன் நாய்களின் பதிவேட்டுப் பக்கம் ஒன்றையும் இணைத்து, கெடு முடிவதற்குள் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னாளில் ‘கேட்டபோது சொன்னோம், பரிசீலிக்கவில்லை’ என்று நீதிமன்றத்தில் சொல்ல அந்தத் தாள்தான் கையில் இருக்கும்.